குறையை நிரப்புவதும் மிகையைச் சேர்ப்பதும்: முதிய பெண்களின் எலும்பு முறிவில் வைட்டமின்களின் பங்கு

கால் இடறி, நின்ற உயரத்திலிருந்து தரையில் விழுவது முப்பது வயதுப் பெண்ணுக்குப் பெரும்பாலும் சிராய்ப்போடு போய்விடும். எழுபத்தைந்து வயதுப் பெண்ணுக்கோ அதே விழுகை தொடை எலும்பின் கழுத்துப் பகுதியை முறித்துவிடக்கூடும். இடுப்பை ஒட்டி நேரும் இந்த முறிவுக்குப் பின் ஓராண்டுக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்துபோகிறார். உயிர் பிழைப்பவர்களிலும் பலர், பிறர் துணையின்றி நடந்த பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இவ்வளவு பெரிய இழப்பை ஒரு வைட்டமின் மாத்திரையால் தடுக்க முடியுமானால் அதைவிட எளிய வழி வேறில்லை. அந்த நம்பிக்கையோடு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்த பெரிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று எதிரான விடைகளைத் தந்திருக்கின்றன: ஒன்றில் முறிவுகள் கணிசமாகக் குறைந்தன, இன்னொன்றில் எந்த மாற்றமும் இல்லை, மற்றொன்றில் முறிவுகள் கூடவே செய்தன. இவற்றைப் பார்த்து, வைட்டமின்களால் எலும்புக்குப் பயனில்லை என்று முடிவுகட்டுவது தவறு. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா முதிய பெண்களுக்கும் மாத்திரை எழுதிக் கொடுப்பதும் அதே அளவுக்குத் தவறு. ஆய்வில் பங்கேற்றவர்களுக்கு உண்மையிலேயே அந்த வைட்டமின் குறைவாக இருந்ததா என்ற ஒரே கேள்வியை முன்வைத்துப் படித்தால், இந்த முரண்பாடுகளில் பெரும்பகுதி விலகிவிடுகிறது.

எலும்பு உயிருள்ள திசு. கொலாஜன் என்னும் புரத இழைகளாலான சட்டத்தின் மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்கள் படிந்து அது உருவாகிறது; படிகங்கள் அதற்குக் கடினத்தையும், இழைகள் சற்றே வளைந்துகொடுக்கும் தன்மையையும் தருகின்றன. பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுவதும் வேலை செய்வதால், வளர்ந்த ஒருவரின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்படுகிறது. அரிப்பைக் கட்டுக்குள் வைத்திருப்பதில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பெரும்பங்கு உண்டு. மாதவிடாய் நின்றபின் அந்த ஹார்மோன் சரிவதால் அரிப்பு கட்டுமானத்தை முந்திவிடுகிறது. முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் சில பெண்கள் தங்கள் எலும்பு நிறையில் 10 முதல் 20 சதவீதம் வரை இழந்துவிடுகிறார்கள். வைட்டமின் குறைபாடு என்பது இந்த இழப்பின் மேல் வந்து சேரும் இரண்டாவது சுமை. முதல் சுமையை எந்த வைட்டமினாலும் இறக்கிவைக்க முடியாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் மாத்திரையின் மீதான ஏமாற்றங்களில் பாதி இதை மறப்பதால் வருகிறது.

இன்னொன்றையும் இங்கேயே குறிப்பிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த அளவுகோலின்படி, எலும்பு அடர்த்தியை இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டுக் காட்டும் டி-ஸ்கோர் (T-score) -2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது எலும்புப்புரை. ஆனால் மாதவிடாய் நின்ற பெண்களில் முறிவுக்கு ஆளாகிறவர்களில் பெரும்பாலோரின் டி-ஸ்கோர் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. எலும்பு எவ்வளவு அடர்த்தியானது என்பதோடு, அதன் இழைகள் எப்படிப் பின்னப்பட்டிருக்கின்றன, அதைத் தாங்கும் தசை எவ்வளவு வலுவானது, அந்தப் பெண் எத்தனை முறை விழுகிறார் என்பவையும் சேர்ந்தே முறிவைத் தீர்மானிக்கின்றன. வைட்டமின்கள் இந்த நான்கிலும் நுழைகின்றன. ஸ்கேன் காட்டுவது முதல் ஒன்றை மட்டுமே.

வைட்டமின் டி-யிலிருந்து தொடங்குவதே முறை. தோலில் உள்ள ஒரு கொழுப்புப் பொருள் மீது வெயிலின் புற ஊதா-பி கதிர் படும்போது அது உருவாகிறது. பிறகு கல்லீரலில் ஒரு முறையும் சிறுநீரகத்தில் ஒரு முறையும் மாற்றம் பெற்று, செயல்படும் ஹார்மோனாகிறது. குடல் உணவிலிருந்து கால்சியத்தை உறிஞ்சுவதற்கு இந்த ஹார்மோன் தேவை. அது இல்லாதபோது உணவில் உள்ள கால்சியத்தில் 10 முதல் 15 சதவீதம் மட்டுமே உடலுக்குள் சேர்கிறது. போதுமான அளவில் இருக்கும்போது அது 30 முதல் 40 சதவீதமாக உயர்கிறது. இரத்தத்தில் கால்சியம் சற்றுக் குறைந்தாலும் இதயத்துக்கும் நரம்புகளுக்கும் ஆபத்து என்பதால் உடல் அதை விட்டுவைப்பதில்லை. கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் உடனே கூடுதலாகச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்துக்குத் தருகின்றன. இதனால்தான் வைட்டமின் டி குறைந்த பெண்ணின் இரத்தப் பரிசோதனையில் கால்சியம் பல ஆண்டுகள் இயல்பாகவே இருக்கும். அறிக்கையைப் பார்ப்பவர் எல்லாம் சரி என்று நினைக்கிறார். அந்தச் சரியான எண்ணுக்கான விலையை எலும்பு செலுத்திக்கொண்டிருக்கிறது.

குறைபாடு கடுமையாகி நீடித்தால் வேறொரு நோய் உருவாகிறது. புதிதாகக் கட்டப்படும் கொலாஜன் சட்டத்தின் மேல் படிவதற்குப் போதிய கால்சியமும் பாஸ்பேட்டும் இல்லாமல், எலும்பு மென்மையாகிவிடுகிறது. ஆஸ்டியோமலேசியா எனப்படும் இந்த எலும்பு மென்மை நோயும் எலும்புப்புரையும் ஒன்றல்ல: எலும்புப்புரையில் எலும்பின் அளவு குறைகிறது, ஆனால் இருக்கும் எலும்பு இயல்பாகவே கடினப்பட்டிருக்கும், மென்மை நோயில் சட்டம் இருக்கும், கடினப்படாது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் இரண்டையும் குறைந்த அடர்த்தி என்றே காட்டும். இடுப்பிலும் தொடையிலும் மந்தமான வலி, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாமை, படியேறும்போது தொடைத் தசைகள் ஒத்துழைக்காமை, வாத்துபோல் அசைந்து நடக்கும் நடை, இரத்தத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதியின் உயர்வு ஆகியவை பிரித்தறிய உதவுகின்றன. இவை பெரும்பாலும் வயசாகிவிட்டது என்ற ஒரே சொல்லில் அடக்கப்பட்டுவிடுவது மிகவும் வருந்தத்தக்கது, ஏனெனில் எலும்புப்புரையைப் போலன்றி இந்த நோய் வைட்டமின் டி-யும் கால்சியமும் கொடுத்தால் மாதங்களில் தெளிவாகக் குணமாகும் நோய்.

முதுமையில் இந்தக் குறைபாடு ஏன் இவ்வளவு பரவலாக வருகிறது? தோலில் உள்ள மூலப்பொருள் வயதோடு குறைகிறது. அதே வெயிலில் எழுபது வயதுத் தோல், இருபது வயதுத் தோல் உருவாக்குவதில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் உருவாக்குகிறது. மூட்டுவலியாலும் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தாலும் வெளியே போவது குறைகிறது. கண்ணாடி புற ஊதா-பி கதிரைத் தடுத்துவிடுவதால், மூடிய சன்னலருகே உட்கார்ந்து காயும் வெயில் எலும்புக்கு உதவாது. கருமை கூடிய தோலுக்கு அதே அளவு வைட்டமினை உருவாக்க அதிக நேரம் தேவைப்படுகிறது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் கடைசி மாற்றம் தடைப்படுகிறது. வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் சில மாத்திரைகள் வைட்டமினைக் கல்லீரலில் விரைவாகச் சிதைத்துவிடுகின்றன. உடற்பருமன் உள்ளவர்களில் அது கொழுப்புத் திசுவில் சென்று தங்கிவிடுகிறது. ஒரு பெண்ணிடம் இவற்றில் மூன்றோ நான்கோ ஒன்றாகச் சேர்ந்திருப்பது அரிதன்று.

1992-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றிலிருந்துதான் இன்றைய விவாதம் கிளைத்தது. முதியோர் இல்லங்களில் வாழ்ந்த, நடமாடக்கூடிய 3,270 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். சராசரி வயது 84. ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியமும் 800 அலகு வைட்டமின் டி3-யும், மறு பிரிவினருக்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. பதினெட்டு மாத முடிவில், மருந்தை விடாமல் எடுத்துக்கொண்டவர்களில் இடுப்பு முறிவு 43 சதவீதம் குறைவாக இருந்தது. 2006-இல் வெளியான அமெரிக்கப் பெண்கள் நல ஆய்வு இதைவிடப் பத்து மடங்குக்கும் பெரியது: 50 முதல் 79 வயது வரையிலான 36,282 பெண்கள், 1,000 மில்லிகிராம் கால்சியம், 400 அலகு வைட்டமின் டி, சராசரியாக ஏழு ஆண்டுகள். இடுப்பு முறிவு 12 சதவீதமே குறைந்தது. அதுவும் தற்செயலாக நேர்ந்திருக்கலாம் என்று ஒதுக்கக்கூடிய அளவு. சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. பிறகு 2022-இல் வைட்டல் என்னும் இன்னோர் அமெரிக்க ஆய்வின் முடிவு வந்தது. ஆண்களும் பெண்களுமாக 25,871 பேரில் பாதிப் பேர் நாள்தோறும் 2,000 அலகு எடுத்துக்கொண்டும், ஐந்தாண்டுக்கு மேல் கண்காணித்தபோது முறிவில் எந்த வேறுபாடும் இல்லை.

இந்த மூன்று ஆய்வுகளிலும் சேர்க்கப்பட்டவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். பிரெஞ்சு இல்லங்களில் இருந்தவர்கள் மிக முதியவர்கள். வெயிலைப் பார்ப்பது அரிது. உணவில் கிடைத்த கால்சியம் பரிந்துரைக்கப்படும் அளவில் பாதியைக்கூட எட்டவில்லை. பாராதைராய்டு ஹார்மோன் உயர்ந்திருந்து, மருந்து கொடுத்ததும் இறங்கியது. அமெரிக்க ஆய்வுக்கு வந்த பெண்கள் ஏற்கெனவே நாளுக்குச் சராசரியாக 1,150 மில்லிகிராம் கால்சியம் பெற்றுவந்தார்கள். வெற்று மாத்திரைப் பிரிவில் இருந்தவர்களும் சொந்தமாகக் கால்சியம் வாங்கிச் சாப்பிடத் தடையில்லை. வைட்டல் ஆய்வில் அளந்து பார்க்கப்பட்டவர்களின் இரத்தத்தில் தொடக்கத்திலேயே மில்லிலிட்டருக்குச் சராசரியாக 30 நானோகிராம் வைட்டமின் இருந்தது. நிரம்பிய குடத்தில் மேலும் நீரூற்றி, குடத்தின் எடை கூடவில்லை என்று கண்டுபிடித்ததைப் போன்றது அது. பொதுவாக ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு மாத்திரை தேவையில்லை என்பதற்கு வைட்டல் உறுதியான சான்று. வீட்டைவிட்டு வெளியே வராத எண்பது வயதுப் பெண்ணைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. செய்தித் தலைப்புகள் இந்த வேறுபாட்டைக் காட்டாமல் போனதால், உண்மையிலேயே குறைபாடு உள்ளவர்களும் மாத்திரையை நிறுத்திவிடும் ஆபத்து உருவானது.

கொஞ்சம் நல்லதென்றால் நிறைய இன்னும் நல்லதுதானே என்ற எண்ணத்துக்கு விடையளித்தது ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று. தினமும் மாத்திரை விழுங்குவதை முதியவர்கள் மறந்துவிடுகிறார்கள் என்பதால், ஆண்டுக்கு ஒரே முறை 5 லட்சம் அலகைக் கொடுத்துவிடலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். எழுபது வயதைத் தாண்டிய 2,256 பெண்களிடம் இதைச் சோதித்து 2010-இல் வெளியிட்ட முடிவில், மருந்து பெற்றவர்களிடம் விழுகை 15 சதவீதமும் முறிவு 26 சதவீதமும் அதிகமாக இருந்தன. மருந்து உட்கொண்ட முதல் மூன்று மாதங்களில்தான் விழுகை மிகுந்தது. கனடாவின் கால்கரி நகரில் நடந்து 2019-இல் வெளியான இன்னோர் ஆய்வில், நாளுக்கு 400 அலகு எடுத்தவர்களைவிட 4,000, 10,000 அலகு எடுத்தவர்களின் முன்கை எலும்பில் அடர்த்தி குறைந்திருந்தது. ஆக, எழுபது வயதுக்கு மேல் நாளுக்கு 800 அலகு என்ற பழைய பரிந்துரை, தோற்றத்தில் எளியதாக இருந்தாலும், சான்றுகளோடு நன்றாகப் பொருந்தி நிற்கிறது.

எந்த அளவுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்பதிலும் நீண்ட பூசல் இருந்தது. 12 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் எலும்புக்குக் கேடு என்பதில் ஏறத்தாழ எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். பெரும்பாலோருக்கு 20 போதும் என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2010-இல் கூறியது. அடுத்த ஆண்டே நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 30 வேண்டும் என்றது. அந்த 30 என்ற எண்தான் பல பரிசோதனைக்கூட அறிக்கைகளில் ஏறி, கோடிக்கணக்கானவர்களை ஒரே நாளில் குறைபாடு உள்ளவர்களாக்கியது. 2024-இல் அதே சங்கம் அந்த இலக்கைக் கைவிட்டது. அறிக்கையில் 24 என்று வந்ததற்காக அஞ்சும் பெண்ணுக்கு ஆறுதல் சொல்வதும், 7 என்று வந்திருப்பவரை விரைந்து கவனிப்பதும் ஒரே மருத்துவரின் இருவேறு கடமைகள்.

வைட்டமின் கே-யின் கதை சுருக்கமானது. ஆஸ்டியோகால்சின் என்னும் எலும்புப் புரதம் கால்சியத்தைப் பற்றிக்கொள்வதற்கு அந்த வைட்டமின் தேவை. கீரைகளிலிருந்து அதை மிகக் குறைவாகப் பெறும் பெண்களிடம் இடுப்பு முறிவு அதிகம் என்று 72,327 அமெரிக்கச் செவிலியர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 1999-இல் காட்டியது. ஆனால் கனடாவில் எலும்பு அடர்த்தி குறைந்த 440 பெண்களுக்கு அதை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தபோது அடர்த்தியில் மாற்றமில்லை. முறிவுகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது உண்மைதான், என்றாலும் ஒன்பதுக்கும் இருபதுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்துப் பெரிய முடிவுக்கு வர இயலாது. இந்த வைட்டமினின் செயலைத் தடுத்து இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின் மருந்தை எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

பி12-க்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை என்று நினைக்கிறேன். அதுவோ ஃபோலிக் அமிலமோ குறையும்போது இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் உயர்கிறது. அது கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் கட்டுகளைக் கெடுக்கிறது. அடர்த்தி குறையாமலேயே எலும்பு நொய்மையாக இது ஒரு வழி. ஹோமோசிஸ்டீன் உயர்ந்த முதியவர்களிடம் முறிவு அதிகம் என்று நெதர்லாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் 2004-இல் ஒரே சமயத்தில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. மறு ஆண்டே, பக்கவாதம் வந்தவர்களுக்கு ஃபோலிக் அமிலமும் பி12-ம் கொடுத்தபோது இடுப்பு முறிவு ஏறத்தாழ எண்பது சதவீதம் குறைந்ததாக ஜப்பானிலிருந்து ஒரு கட்டுரை வந்து உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. அதன் தரவுகள் நம்பத்தகாதவை என்று கண்டு 2016-இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. பதினோரு ஆண்டுகள் அந்தக் கட்டுரை மருத்துவர்களின் முடிவுகளில் நுழைந்து நின்றது என்பது சிறிய செய்தியன்று. நெதர்லாந்தில் ஹோமோசிஸ்டீன் உயர்ந்த 2,919 பேரிடம் முறையாக நடத்தப்பட்ட பி-புரூஃப் ஆய்வு, இரண்டாண்டு மாத்திரையால் முறிவு மொத்தத்தில் குறையவில்லை என்று 2014-இல் தெரிவித்தது. மேலும், பி6-ம் பி12-ம் தேவைக்கு மிக அதிகமாக எடுத்துவந்த செவிலியர்களிடம் இடுப்பு முறிவு 47 சதவீதம் கூடுதலாக இருந்தது 2019-இல் வெளியானது. இது பின்தொடர்தல் ஆய்வு என்பதால் காரணத்தை நிறுவாது. கவலைக்குக் காரணம் தரும்.

அப்படியானால் பி12-ஐ ஏன் கவனிக்க வேண்டும்? அதன் குறைபாடு முறிவுக்கு வழிகோலும் நேரான பாதை எலும்பில் இல்லை, நரம்பில் இருக்கிறது. பாதம் எங்கே இருக்கிறது, தரை எப்படி இருக்கிறது என்ற உணர்வை மூளைக்கு எடுத்துச்செல்லும் தண்டுவடப் பாதைகளை அந்தக் குறைபாடு சிதைக்கிறது. பகலில் கண்கள் ஈடுசெய்துவிடுகின்றன. இரவில் விளக்கில்லாமல் கழிவறைக்குப் போகும்போது ஈடுசெய்ய எதுவும் இல்லை. பக்கவாட்டில் சாய்ந்து, இடுப்பு நேராகத் தரையில் மோதுகிறது. இடுப்பு முறிவுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் விழுகையால் வருபவை என்பதையும், பக்கவாட்டு விழுகையே அவற்றில் மிக ஆபத்தானது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க வயிற்றில் அமிலம் தேவை. முதுமையில் வயிற்றின் உட்சவ்வு மெலிந்து அமிலம் குறைகிறது. நீரிழிவுக்கான மெட்ஃபார்மினும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் அதன் உறிஞ்சலைத் தடுக்கின்றன. இவ்விரண்டையும் பல ஆண்டுகளாகச் சேர்த்து எடுத்துவரும் பெண்கள் ஏராளம். சைவ உணவு மட்டுமே உண்பவரென்றால் குறைபாட்டுக்கான வாய்ப்பு மேலும் கூடும். இரத்தசோகை தோன்றும்வரை காத்திருக்கவும் கூடாது, ஏனெனில் இரத்தம் இயல்பாக இருக்கும்போதே நரம்பு பாதிக்கப்படலாம்.

கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும். ஆனால் ஸ்கர்வி வருமளவுக்குக் குறைந்தாலொழிய எலும்பில் அதன் விளைவைத் தனியே பிரித்துக் காட்டுவது கடினம். வைட்டமின் ஏ-யில் சிக்கல் எதிர்த்திசையில் உள்ளது. கல்லீரல், மீன் ஈரல் எண்ணெய், சில பல்வைட்டமின் மாத்திரைகள் ஆகியவற்றில் உள்ள ரெட்டினால் மிகுந்தால் எலும்பு அரிப்பு தூண்டப்படுகிறது. செவிலியர் ஆய்வில் நாளுக்கு 2,000 மைக்ரோகிராமுக்கு மேல் ரெட்டினால் பெற்ற பெண்களின் இடுப்பு முறிவு அபாயம், 500-க்கும் குறைவாகப் பெற்றவர்களைவிட 1.89 மடங்காக இருந்தது. காய்கறிகளின் பீட்டா கரோட்டினிடம் இந்த ஆபத்து காணப்படவில்லை. வைட்டமின் டி-க்காக மீன் ஈரல் எண்ணெயை அளவின்றி எடுப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

நடைமுறையில், முதல் முறிவு நேர்ந்த பெண்ணிடம்தான் இவை அனைத்தும் ஒன்றுகூடுகின்றன. பெரும்பாலும் அது ஐம்பதுகளின் பிற்பகுதியிலோ அறுபதுகளிலோ வரும் மணிக்கட்டு முறிவு. அல்லது முதுகெலும்பில் வலியில்லாமல் நேர்ந்து, உயரம் சில சென்டிமீட்டர் குறைந்ததால் மட்டும் தெரியவரும் நசுக்கம். ஒரு முறிவு நேர்ந்தவருக்கு அடுத்தது வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தச் சமயத்தில் வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பேட், அல்கலைன் பாஸ்பட்டேஸ், சிறுநீரகச் செயல்பாடு, தேவைப்பட்டால் பாராதைராய்டு ஹார்மோன், பி12 ஆகியவற்றைப் பார்ப்பது இரண்டு குழாய் இரத்தத்தில் முடியும் வேலை. மாவுக்கட்டைப் பிரித்ததோடு கவனிப்பும் முடிந்துவிட்டால், குறைபாடு அடுத்த முறிவுவரை அப்படியே தொடரும்.

எலும்புப்புரை உறுதியானால் பிஸ்பாஸ்பனேட் மாத்திரையோ சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் ஊசிகளோ தேவைப்படலாம். இவை முறிவைக் குறைப்பதில் எந்த வைட்டமினைக் காட்டிலும் ஆற்றல் மிக்கவை. ஆனால் எலும்பின் அரிப்பை நிறுத்தித்தான் அவை வேலை செய்கின்றன. வைட்டமின் டி குறைந்த பெண்ணின் உடல் அந்த அரிப்பின் மூலமாகத்தான் தன் இரத்தக் கால்சியத்தைத் தக்கவைத்துக்கொண்டிருக்கிறது. குறையைச் சரிசெய்யாமல் ஊசியைப் போட்டால் கால்சியம் திடீரென்று சரிந்து, விரல்கள் மரத்து, தசைகள் இழுத்துக்கொண்டு, அரிதாக இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். சிறுநீரகம் தளர்ந்த பெண்களுக்கு டெனோசுமாப் போடும்போது இந்த ஆபத்து மிகக் கூடுதல். எனவே முதலில் வைட்டமின் டி-யைச் சீராக்கி, கால்சியம் இயல்பாக இருப்பதை உறுதிசெய்து, அதன் பிறகே ஊசிக்கு நாள் குறிக்க வேண்டும். ஊசி போட்ட பின்னும் நாள்தோறும் எடுக்கும் கால்சியத்தையும் வைட்டமின் டி-யையும் நிறுத்தக் கூடாது.